விட்டுக்கொடுத்த தரை

சாலமோனுக்கு இனி வியர்க்காது என்று டாக்டர் சொன்னபோது ஜெயசீலிக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. கை கால் போன மனுஷனுக்கு வியர்வை போனால் என்ன என்றுதான் நினைத்தாள். லைன்மேன் வேலையில் கம்பத்திலிருந்து விழுந்து அவருக்குக் கழுத்துத் தண்டுவடம் நசுங்கியிருந்தது. தலை திரும்பும், தோள் கொஞ்சம் தூக்கும், பேச்சு வரும். மற்றதெல்லாம் போய்விட்டது. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி விளக்கினார். வியர்வைதான் உடம்பைக் காப்பாற்றுகிறது, இவருக்கு அது இல்லாததால் வெளியில் என்ன சூடோ அது அப்படியே உள்ளே ஏறும், படுத்திருக்கும் அறை முப்பது டிகிரியைத் தாண்டினால் காய்ச்சல் வரும், அதற்கும் மேலே போனால் நினைவு தப்பும் என்றார். ஆம்பூரில் அந்த வருடம் பங்குனியிலேயே நாற்பத்தாறு அடித்துக்கொண்டிருந்தது.

சாதாரண ஏசி வாங்கி மாட்டலாம் என்றால், அதற்கு முந்தின வருடமே அதைத் தடை செய்திருந்தார்கள். வீட்டுக்குள் குளிரவைத்து வெளியே தெருவில் அனலைக் கக்குகிற அந்தப் பெட்டிகளால், ஏசி இல்லாத வீடுகளில் ஜனங்கள் சாகிறார்கள் என்று கணக்கெடுத்துச் சொன்ன பிறகு வந்த தடை. அதற்குப் பதிலாகத்தான் அரசாங்கம் தரை ஏசித் திட்டத்தைக் கொண்டுவந்தது. வாசலில் ஆழமாகத் துளை போட்டுக் குழாய் இறக்குவார்கள். குழாயில் சுற்றி வரும் தண்ணீர் வீட்டுச் சூட்டை அள்ளிக்கொண்டுபோய் அடிப்பாறையில் கொட்டிவிட்டு வரும். தெருவில் அனல் இல்லை, சத்தம் இல்லை. செலவில் முக்கால் பங்கை அரசாங்கமே மானியமாகக் கொடுக்கும். மானியம் இல்லாமல் அதை வாங்க ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மிதிக்கிற ஜெயசீலியால் இந்த ஜென்மத்தில் முடியாது.

இடத்தைப் பார்க்க வந்த திட்ட இன்ஜினியர் பாலமுரளி, தோல்மண்டிப் பின்தெருவில் அவள் வீட்டு வாசலை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒன்றரை சென்ட் போதாது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தன் தரைப் பங்கை எழுத்துமூலம் விட்டுக்கொடுத்தால்தான் மானியம் கிடைக்கும். அப்படி விட்டுக்கொடுப்பவருக்கும் அரசாங்கம் ஒரு தொகை தரும். ஆனால் அவர் இனி எந்தக் காலத்திலும் தன் வீட்டுக்கு இந்த மானியம் கேட்க முடியாது.

அடியில் போகிற குழாய்க்குப் பக்கத்து வீட்டு இடம் எதற்கு என்று ஜெயசீலி கேட்டாள்.

"சூடு எங்கேயும் மறைஞ்சு போறதில்லம்மா," என்றார் பாலமுரளி. "உங்க வீட்டுல இருக்கறதை எடுத்துப் பாறைக்குள்ள போடறோம், அவ்வளவுதான். பாறை அதை மெல்ல நாலு பக்கமும் பரப்பிவிடும். அதுக்கு இடம் வேணும்ல."

"அப்ப அந்த வீட்டுக்காரங்களுக்கு?"

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, கொஞ்சம் தெரியலாம், பெரிதாக இருக்காது என்றுதான் கணக்கு சொல்கிறது என்றார்.

பக்கத்து வீடு மெஹருன்னிசாவுடையது. புருஷன் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஷாஹினா. மெஹரும் அதே கம்பெனியில் ஜெயசீலிக்கு எதிர் வரிசையில் மேல்தோல் ஒட்டுகிற வேலையில் இருந்தவள், பசை வாடை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதும் வீட்டிலேயே ஷூவுக்குக் கயிறு கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். ஜெயசீலி வேலைக்குப் போயிருக்கும்போது சாலமோனுக்குத் தண்ணீர் கொடுப்பதும், புரட்டிப் படுக்கவைக்க ஆள் கூப்பிடுவதும் மெஹருதான். மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கும்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் யோசிக்கக்கூட இல்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்றுதான் கேட்டாள். அந்தத் தொகையை வைத்துத்தான் அடுத்த ஆறு மாதத்தில் ஷாஹினாவுக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணன் என்று அவள் கூப்பிடும் சாலமோனுக்காகக் கொடுத்தாளா, கல்யாணத்துக்காகக் கொடுத்தாளா என்று ஜெயசீலி கேட்டதில்லை. இரண்டும்தான் என்று அவளே ஒரு தரம் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

முதல் இரண்டு கோடையும் சாலமோன் நன்றாக இருந்தார். சுவரில் பதித்த சின்னத் திரையில் எப்போதும் இருபத்தாறு என்று எண் ஒளிர்ந்துகொண்டிருக்கும். படுத்த இடத்திலிருந்து அவர் கண்ணுக்கு நேராகத் தெரிவது அதுதான். தலைமாட்டில் வைத்த போன் அவர் குரலுக்கே வேலை செய்யும்; அதில் பைபிள் வாசிக்கச் சொல்லிக் கேட்பார், கிரிக்கெட் கேட்பார், மற்ற நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது கோடையில் மெஹர் வீட்டுத் தரை சுட ஆரம்பித்தது. வெயில் படாத நடு அறையில், விடிகாலையில்கூட, கால் வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. போர் தண்ணீர் சூடாக வந்தது. வாசலில் இருந்த முருங்கை பட்டுப்போனது. அவள் அதைப் பற்றி ஜெயசீலியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் சர்க்கரை வாங்கப்போன ஜெயசீலிதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் நடுச்சுவரில் ஒரு துளை போடலாம் என்று அவள்தான் சொன்னாள். இங்கேயிருக்கிற குளிர் கொஞ்சம் அந்தப் பக்கம் போகட்டும். மானியத்தின் நிபந்தனைப்படி அது குற்றம். ஒரு வீட்டுக்குக் கொடுத்த குளிரை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. சில ஊர்களில் மானியத்தில் மெஷின் போட்டுவிட்டு, குளிரைக் குழாய் வைத்துப் பக்கத்து வீடுகளுக்கு வாடகைக்கு விட்டவர்கள் உண்டு, அவர்களுக்காகப் போட்ட சட்டம். மீறினால் மெஷினை அலுவலகத்திலிருந்தே பூட்டிவிடுவார்கள். மானியம் வாங்கி ஏழு வருடம் முடிகிறவரை மெஷினின் சாவி அவர்கள் கையில்தான். ஒரு செங்கல் அளவுத் துளையை யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஜெயசீலி நினைத்தாள்.

சாலமோன் சந்தோஷமாகத்தான் சம்மதித்தார். சுவருக்குள் ஒயர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே உளி வைத்தால் ஆபத்தில்லை என்று படுத்தபடியே சொன்னதும் அவர்தான். இந்தப் பக்கம் ஜெயசீலியும் அந்தப் பக்கம் மெஹரும் தட்டினார்கள். செங்கல் பெயர்ந்து விழுந்ததும் அந்தப் பக்கமிருந்து மெஹரின் விரல்கள் வந்தன. குளிர் பட்டதும் அந்த விரல்கள் அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்ததை ஜெயசீலி பார்த்தாள்.

நான்காவது கோடையில் ஷாஹினா பேர்ணாம்பட்டிலிருந்து பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. பச்சை உடம்புக்காரி தரையில் முதுகு வைக்க முடியாமல் தவித்தாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு கிளம்பிச் சீழ் வைத்தது. ஜெயசீலி துளையை இன்னும் இரண்டு செங்கல் பெரிதாக்கினாள். துளைக்கு அடியில் தொட்டிலைக் கட்டினார்கள். குழந்தை சிணுங்கினால் சாலமோனுக்கு நன்றாகக் கேட்கும். முதல் சில நாட்கள் அவர் இந்தப் பக்கமிருந்து பாட்டுக்கூடப் பாடினார்.

பிறகு திரையில் இருந்த எண் ஏற ஆரம்பித்தது. இருபத்தெட்டு. மதியத்தில் முப்பது. ஜெயசீலி அலுவலகத்துக்குப் போன் செய்து, துளையைப் பற்றிச் சொல்லாமல், மெஷின் சரியாகக் குளிரவில்லை என்றாள். பாலமுரளிதான் எடுத்தார். தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் எல்லாரும் நாலு வருடமாகச் சூட்டைப் பாறைக்குள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். மழை பெய்து தண்ணீர் இறங்கினால் பாறை ஆறும், மழையும் இல்லை.

"தரை நிரம்பிக்கிட்டு வருதும்மா. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல."

"அதுக்கு என்ன செய்யறது சார்?"

"குறைவா உபயோகிங்க. கதவு ஜன்னல் சந்து எதுவும் இல்லாம அடைச்சு வைங்க."

போனை வைத்துவிட்டு அவள் துளையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை அடைக்கவில்லை. ஒரு கோணியை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டாள்.

மறுநாள் சாலமோனுக்குக் காய்ச்சல். முகம் சிவந்து, கண் உள்ளே போயிருந்தது. ஈரத்துணி போட்டு இறக்கினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அன்று சாயங்காலம் அவள் சோறு ஊட்டும்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். மதிய நேரத்தில் மட்டும் அந்தத் துளையில் ஒரு தலையணையை வைத்து அடைக்கலாமா?

அவளுக்கு அன்று கம்பெனியில் டார்கெட் முடியாமல் சூப்பர்வைசரிடம் பேச்சு கேட்டு வந்த எரிச்சல். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"உங்களுது மட்டும்தான் உயிரா?" என்றாள்.

அவர் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வாயைத் துடைத்துவிட்டபோது, நீயும் சாப்பிடு சீலி என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது ஷாஹினா குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தாள். நாற்பது நாள் முடியாமல் பிள்ளை பெற்றவளை யாரும் அனுப்பமாட்டார்கள். ஜெயசீலி திகைத்துப்போய்க் கேட்டதற்கு, மாமியார் ஆசைப்படுகிறார்கள், அங்கே பெரிய வீடு, காற்று வரும் என்றாள் மெஹரு. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பேர்ணாம்பட்டு வீடு தகரக் கூரை போட்ட வீடு என்று ஜெயசீலிக்குத் தெரியும். கம்பெனி பஸ் வந்துவிட்டது. நாம் என்ன தப்பு செய்தோம், இவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

அதற்கு மறுநாள் முற்பகலில் மெஷின் நின்றது.

திரையில் எண் போய்ப் பூட்டுப் படம் வந்தது. அறையில் சூடு ஏறிய வேகத்தைச் சாலமோனால் பார்க்கக்கூட முடியவில்லை, எண்தான் இல்லையே. அவர் துளையின் பக்கம் தலையைத் திருப்பி மெஹரு, மெஹரு என்று கூப்பிட்டிருக்கிறார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தொட்டித் தண்ணீர் கொதித்துக் கிடந்தது. மீன் மார்க்கெட்டுக்கு ஓடி ஐஸ் வாங்கிவந்து துணியில் கட்டிக் கக்கத்திலும் கழுத்திலும் வைத்தாள். ஆம்புலன்ஸ் எல்லாம் வெளியே போயிருக்கிறது என்றார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால், தையல் வரிசையில் போன் வைத்திருக்கக் கூடாது என்பதால் சேதி மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஜெயசீலியிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் மெஹரு தெரு ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, ஈரப் போர்வையில் அவரைச் சுற்றி, பழ வண்டி மினி லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். லாரியில் போகும்போது அவர் நினைவு தப்பிவிட்டது.

ஜெயசீலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மெஹரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை, இரண்டு கையாலும் சாலமோனின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரென்று பார் என்று ஜெயசீலிதான் சொன்னாள். ஷாஹினா. குழந்தைக்குக் காலையிலிருந்து பாலெல்லாம் வாந்தி, கண் திறக்கமாட்டேன் என்கிறது, பேர்ணாம்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றாள். மெஹரு போனைக் காதில் வைத்தபடி வார்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, அண்ணனைப் பார்த்துக்கோக்கா என்று சொல்லிவிட்டு, கையில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

சாலமோன் மறுநாள் சாயங்காலம் கண் திறந்தார். குழந்தையும் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதை இன்னும் சில நாள் ஆஸ்பத்திரிக் குளிரில்தான் வைத்திருக்கவேண்டும் என்றார்களாம். சாலமோனை அப்படி வைத்துக்கொள்ள ஆம்பூரில் இடமில்லை, வெயில் அடித்து வருகிறவர்கள் தாழ்வாரம்வரை படுத்திருந்தார்கள். மெஷின் ஓடும் வீடு இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

ஜெயசீலி திட்ட அலுவலகத்துக்கு ஓடினாள். அழக்கூடாது என்று போனவள் பாலமுரளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றதும் அழுதாள். துளை போட்டது நான்தான், தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், மெஷினை மட்டும் திறந்துவிடுங்கள் என்றாள். அவர் உட்காரச் சொன்னார். சுவரை அடைத்துப் படம் எடுத்து அனுப்பினால் அன்றைக்கே பூட்டைத் திறக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகச் சொன்னார். முதல் தடவை என்பதால் மானியத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

"ஒரு மனுஷன் உள்ள படுத்திருக்கார்னு தெரிஞ்சும் பூட்டுவீங்களா சார்?"

"ஆள் வந்து பார்த்துட்டுத்தான் பூட்டணும்மா. ஆளே இல்ல. அதனால புகார் பதிவாகி ரெண்டு நாள்ல மெஷின் தானாப் பூட்டிக்கற மாதிரி இந்த வருஷம் மாத்திட்டாங்க. எனக்கே அப்புறம்தான் தெரியும்."

யார் புகார் கொடுத்தது என்று அவள் கேட்டாள். தெருவில் இரண்டு மூன்று பேர்மேல் அவளுக்குச் சந்தேகம் இருந்தது. பாலமுரளி தயங்கினார்.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். உங்க வீட்டுக்காரர் குரல்லதாம்மா பதிவாகியிருக்கு. மெஷினை நிறுத்திட மாட்டீங்களேன்னு ரெண்டு தரம் கேக்கறாரு. இல்ல, சுவரை மட்டும் அடைக்கச் சொல்லுவாங்கன்னு இங்க போன் எடுத்தவங்க பதில் சொல்லியிருக்காங்க."

அவள் எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவரை எதற்குக் குறை சொல்வது? தலையணை வைத்து அடைக்கலாமா என்று அவர் கேட்டதும், தான் அதற்குச் சொன்ன பதிலும்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

மெஹரு பேர்ணாம்பட்டிலிருந்து வந்திருந்தாள். மாற்றுத்துணி எடுத்துப்போக வந்தவள், சுவரை அடைத்தால்தான் பூட்டைத் திறப்பார்கள் என்று ஜெயசீலி சொன்னதும், தானே தெருமுனைக் கட்டட வேலையில் கொஞ்சம் சிமெண்ட் கேட்டு வாங்கி, அந்தப் பக்கமிருந்து கலவை குழைத்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலி இந்தப் பக்கம் செங்கல்லை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு செங்கல் வைத்தாயிற்று. கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயசீலியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அந்த இடைவெளியில் தெரிந்த முகத்தைப் பார்த்து, மெஹரு, புகார் கொடுத்தது யாருன்னு உனக்குத் தெரியணும் என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்க்கா," என்றாள் மெஹரு.

ஜெயசீலி கல்லைக் கீழே வைத்தாள்.

"தொட்டில் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அண்ணன் போன்ல பேசறது அப்படியே கேட்டுச்சு. மெதுவாத்தான் பேசினாரு, பாவம். நான் புள்ளையோட வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன், அழுதா அவருக்குக் கேக்குமேன்னு."

அதனால்தான் ஷாஹினாவை அனுப்பினாயா என்று ஜெயசீலி கேட்டாள்.

"எப்படியும் ஆள் வந்து அடைப்பாங்க. அதுக்குள்ள புள்ளையை அனுப்பிட்டா, யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க வேணாம்ல. மெஷினையே பூட்டுவாங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லி? நீ அவர்கிட்டப் போய்ச் சண்டை போடுவ. அவர் எங்க போவாரு?"

ஜெயசீலி துளைக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கலவை அப்பிய கை. அவர் வீட்டுக்கு வந்ததும் அவரையே உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்று எதையோ உளறினாள்.

மெஹரு சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். முதல்முறையாக அவள் குரல் கடுமையாக வந்தது.

"அதைமட்டும் செய்யாதக்கா. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டு அடுத்த தடவை என்னைக் கூப்பிடமாட்டாரு. நீ கம்பெனில இருப்ப. அவர் கூப்பிடலன்னா நான் எப்படி வருவேன்?"

பிறகு, கல்லைக் கொடு, காய்ந்துவிடும் என்றாள். ஜெயசீலி கொடுத்தாள்.

படம் அனுப்பியதும் பாலமுரளி சொன்னபடி அன்றைக்கே பூட்டைத் திறந்துவிட்டார். சாயங்காலம் சாலமோனைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். திரையில் முப்பத்திரண்டு என்று இருந்த எண் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மெஹரு கதவைப் பூட்டிக்கொண்டு பேர்ணாம்பட்டுக்குக் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. சுவர் அடைத்த பிறகு அந்தப் பக்கத்துச் சத்தம் எதுவும் இங்கே வருவதில்லை.

ஜெயசீலி அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். நாலு வாய்க்குப் பிறகு அவர் போதும் என்று தலையசைத்தார். ஈரம் காயாத பூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஹரு ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார்.

"என்ன சொல்லணும்? குழந்தை நல்லாயிருக்குன்னா. ஏதாவதுன்னா போன்ல கூப்பிடச் சொன்னா, எந்நேரமானாலும்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை வராது. ஜெயசீலி முந்தானையால் துடைத்துவிட்டாள், எதற்கு என்று கேட்கவில்லை.